கேட்டைத் தாண்டிய இரண்டாம் பாகம்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை புத்தக அலமாரியைத் துடைக்கும்போது பெரியவள் ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்ப்பா, நம்ம வீட்ல இருக்கற பழைய புத்தகம் எல்லாத்துக்கும் முதுகுல ஒரு சிவப்புப் புள்ளி இருக்கே, அது என்ன?" கடை அடையாளம் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். சின்னவன் விடவில்லை. "எல்லாத்துலயும் இருந்தா அது எப்படிப்பா அடையாளம் ஆகும்?" என்றான்.

அன்றைக்குப் பதில் தெரியாமல் நான் சும்மா இருக்கவில்லை. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதினால் சொல்லிவிடலாம் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். தப்பு இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

உங்கள் அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னால், எண்பதுகளின் நடுவில், தாம்பரத்தில் ஒரு வாடகை நூலகத்தில் வேலை பார்த்தேன். கடைக்குள் உட்காருகிற வேலை இல்லை. புத்தகங்களை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுப்பேன். படித்து முடித்ததை வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுப்பேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று என் சுற்று போகும். இப்போது கேபிள் டி.வி. வந்து அந்தக் கடையும் இல்லை, அந்த வேலையும் இல்லை. கடையை மூடியபோது முதலாளி எனக்குக் கொடுத்த புத்தகங்கள்தான் நம் அலமாரியில் இருப்பவை.

சைக்கிளில் இரண்டு கட்டு இருக்கும். ஹேண்டில் பாரில் தொங்கும் காக்கிப் பையில், உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கும் காலனி வீடுகளுக்கான புத்தகங்கள். பின்னால் கேரியரில், பழைய டியூபால் இறுக்கிக் கட்டியது, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போவது. கேட்டைத் தாண்டினால் தோல் ஷெட்டுகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு தெரு. தோல் வேலை செய்கிறவர்களின் வீடுகள். அங்கேயும் பத்துப் பன்னிரண்டு பேர் சந்தாதாரர்கள். காலனியில் எல்லாரும் படித்து, அட்டை கசங்கி, ஓரம் மடங்கின பிறகு ஒரு புத்தகம் கேட்டைத் தாண்டும். தாண்டிவிட்டால் திரும்பிக் காலனிக்குப் போகக் கூடாது. அது கடையின் சட்டம். தப்பித் தவறிக் கலந்துவிடாமல் இருக்க, தாண்டுகிற புத்தகத்தின் முதுகில் அடிப்பக்கமாக ஒரு குறி வைப்போம்.

முதலில் முதலாளி பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார். பார்க்க அசிங்கமாக இருந்தது. "ஒரு சின்னப் புள்ளி போதும் சார், பார்க்கறவங்களுக்கு உறுத்தாது" என்று சொன்னவன் நான்தான். "பரவால்லையே, உனக்கும் மூளை இருக்கே" என்றார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். சிவப்பு மையில் தீக்குச்சியைத் தொட்டு, மிளகு அளவுக்கு அழகாக வைப்பேன். சாதி என்ற சொல்லை முதலாளியும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. 'அந்தப் பக்கம்' என்போம். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் ஒரு நாவல் வந்தது. விஞ்ஞானக் கதை. இரண்டு பாகம், முதல் பாகம் மட்டும் வெளியாகியிருந்தது. அட்டையில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பெரிய நகரம். வருங்காலத்தில் வெளிக்காற்று எல்லாம் விஷமாகிவிட்டதாம். மனிதர்கள் எல்லாரும் ஒரே கட்டடத்துக்குள் தளம் தளமாக வாழ்கிறார்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் காற்றைச் சுத்தம் செய்து மேலே அனுப்ப வேண்டும். எந்தத் தளத்தில் பிறந்தார்களோ அந்தத் தளத்திலேயே சாக வேண்டும். பிறந்த உடனே காதுக்குப் பின்னால் முத்திரை குத்திவிடுவார்கள். நடுவில் ஒரு லிஃப்ட். மேல்தளத்தார் தின்ற மிச்சம், உடுத்திய மிச்சம் எல்லாம் அதில் இறங்கும். கீழேயிருந்து மனிதர் யாரும் அதில் ஏற முடியாது. முதல் பாகம் முடிகிற இடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிற ஒரு பெண் லிஃப்ட் கதவைக் கம்பியால் நெம்புகிறாள். கதவு திறந்ததா இல்லையா என்பது இரண்டாம் பாகத்தில்.

காலனியில் முதலில் படித்தவர் ஓர் ஆபீஸர். மத்திய சர்க்கார் உத்தியோகம், மூக்குக் கண்ணாடி, சாந்தமான முகம். நான் மழையில் நனைந்து போன ஒரு நாள் தன் குடையைக் கொடுத்து அனுப்பியவர். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தன் வீட்டு வாசலிலேயே என்னை நிறுத்திவைத்துப் பேசினார்.

"என்ன ஒரு இமாஜினேஷன்ப்பா! பச்சைக் குழந்தைக்கு முத்திரை குத்தறான், கை நடுங்காம குத்தறான். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? படிக்கப் படிக்க எனக்கு பிபி ஏறிடுத்து."

"கதைதானே சார்."

"கதைதான். ஆனா அக்கிரமம் பாரு. செகண்ட் பார்ட் வந்தா மொதல்ல எனக்குத்தான். வேற யார்கிட்டயும் குடுத்துடாத."

பிறகு அந்தப் புத்தகம் காலனியைச் சுற்றி முடித்து, என் கையால் புள்ளி வாங்கிக்கொண்டு, கேட்டைத் தாண்டியது.

அந்தப் பக்கம் அதைக் கேட்டு வாங்கியவள் ஒரு பெண். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனியில் மிஷின் தைப்பவள். விரல் நுனியெல்லாம் பசை ஒட்டிக் காய்ந்திருக்கும். பத்தாவது முடித்தவள். என்னை அண்ணா என்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். "இப்பதாம்மா குடிச்சேன்" என்பேன். ஒரு நாள் சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு, "எப்பப் பாத்தாலும் இப்பதான் குடிச்சிட்டு வர்றீங்க. உங்க வயித்துல இன்னா, கார்ப்பரேஷன் தொட்டியா கீது?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். குடிக்கவில்லை.

முதல் பாகத்தைக் கொடுத்து ஒரு வாரம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். அவள் வீட்டுக்கு முன்னால் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. நான் குந்தி உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தேன். வண்டி சாயாமல் அவள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செயினை மாட்டி நிமிர்ந்து பார்த்தால் அவள் முகம் மாறியிருந்தது. காக்கிப் பை திறந்திருந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. முன்னாடி பையில கீற புக்கு ஒண்ணுத்துலயும் அந்தச் செகப்புப் புள்ளி இல்ல. பின்னாடி கட்டுல எல்லாத்துலயும் கீது. எங்க தெருவுக்கு வந்த எல்லாத்துலயும் கீது. இன்னாண்ணா அது?"

கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "அது ஒண்ணும் இல்லம்மா. கடையில ஒரு ஒழுங்குக்காக வைக்கிறது. எனக்கு அதுல ஒண்ணும் கிடையாது, நான் வேலைக்காரன்" என்றேன்.

அவள் வீட்டுக்குள் போய் அந்த நாவலை எடுத்துவந்தாள். பக்கத்தைத் தேடிப் புரட்டி, விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் படிப்பது போலச் சத்தமாகப் படித்தாள். முத்திரை குத்துகிறவன் ஒரு தாயிடம் பேசுகிற இடம். ஒழுங்குக்காகத்தான் இது, என் கையில் ஒன்றும் இல்லை, நான் வேலைக்காரன் என்று அவன் சொல்கிறான். நான் சொன்னதற்கும் அவன் சொன்னதற்கும் இரண்டு வார்த்தை கூட வித்தியாசம் இல்லை.

பிள்ளைகளா, அந்தப் பக்கத்தை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்துவிட்டு அவனைத் திட்டியும் இருக்கிறேன். காலனி வீடுகளை நினைத்திருக்கிறேன், முதலாளியை நினைத்திருக்கிறேன். என்னை நினைத்ததே இல்லை. கரண்டு கம்பியைத் தொட்டவன் போல நின்றேன். தலைக்கு மேல் ஒரு விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கத் தாழ்வாகப் போனது. அது போய்ச் சத்தம் அடங்குகிற வரைக்கும் ஒன்றும் பேச வேண்டியதில்லை என்பது மட்டும்தான் அப்போது எனக்கு ஆறுதல்.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. கோபப்படவில்லை. புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தாள்.

"ரெண்டாம் பாகம் எப்பண்ணா கீழ எறங்கும்?"

"இன்னும் வரலம்மா. அடுத்த வாரம் வரும்னு சொல்றாங்க. காலனியில சுத்தி முடிய மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசம் நான் இங்க இருக்க மாட்டேன். எங்க கம்பெனி ராணிப்பேட்டைக்குப் போவுது. வர்ற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி வூட்டைக் காலி பண்றோம். அங்க புக்கு குடுக்கறதுக்கு யார் கீறாங்க?" பிறகு, "அவ கதவத் தொறந்தாளா இல்லையான்னு தெரியாம நான் எப்டிண்ணா போவேன்?" என்றாள்.

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் கண்ணில் வேடிக்கை இல்லை. தைக்கும்போது கூட அதே நினைப்பாக இருக்கிறதாம். இரண்டு நாள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாளாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டாம் பாகம் கடைக்கு வந்தது. முதலாளி காலிகோ துணியில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, "நேரா ஆபீஸர் வீட்டுக்குப் போகணும், வியாழக்கிழமை அவர் முறை" என்று கொடுத்தார். நான் அதை முன்பையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். முன்பையில் இருக்கிற ஒரு புத்தகத்தை அந்தத் தெருவில் எடுப்பது அதுதான் முதல் தடவை. பெரிய துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். புதன்கிழமை திரும்ப வாங்கிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்கிற கணக்கில்தான் செய்தேன்.

புத்தகத்தின் முதுகைப் பார்த்தாள். திருப்பி அடியைப் பார்த்தாள்.

"புள்ளி இல்லியே?"

"இல்ல."

"மேல கீறவங்க யாரும் இன்னும் படிக்கலியா?"

"யாரும் படிக்கல. நானும் படிக்கல. நீதான் மொதல்ல."

வாய் பொத்திச் சிரித்தாள். புதன்கிழமை சாயங்காலம் சொன்னபடி திருப்பிக் கொடுத்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தூங்கியிருக்க மாட்டாள். "கதவு தொறந்துச்சா?" என்று கேட்டேன். "நீங்களே படிங்க. சொல்லிட்டா அப்புறம் புக்கு எதுக்கு?" என்றாள். போகும்போது, "முத்திரை குத்தறவன் இன்னா ஆனான்னு மட்டும் பாருங்கண்ணா" என்றாள்.

எனக்குப் படிக்க நேரமில்லை. வியாழக்கிழமை காலை ஆபீஸர் வீட்டில் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டைக் கடக்கும்போது கூப்பிட்டார். அவர் கையில் புத்தகம் இல்லை. காம்பவுண்டுச் சுவர் மேல் ஒரு செய்தித்தாள் விரித்து, அதன் மேல் கிடந்தது. பறக்காமல் இருக்க ஒரு கல். பக்கத்தில் தனியாக, விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புத் தோல் துண்டு. ஒரு ஓரத்தில் வரிசையாகத் தையல் துளை. பக்கத்தை அடையாளம் வைக்க அவள் செருகியிருந்தது. எடுக்க மறந்திருக்கிறாள்.

"இது என்னன்னு தெரியறதா?"

"தோல் சார்."

"எழுபதாம் பக்கத்துல இருந்தது. படிச்சிண்டே வரேன், கையில தட்டுப்படறது. அந்தப் பக்கம் போயிட்டு வந்ததா?"

நான் தோல் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"புள்ளி வைக்க மறந்துட்டியா?"

அவர் புள்ளி என்று சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலனியில் யாருக்கும் அது தெரியாது, கடைக்குள் இருக்கும் ரகசியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"சாருக்குப் புள்ளி..."

"தெரியாம என்ன? குறி ஒண்ணு வைங்கோன்னு உங்க ஓனருக்குச் சொன்னதே நான்தானே. ஒரு சிஸ்டம்னு வச்சா மெயின்டைன் பண்ணணும்ப்பா." குரலை உயர்த்தவே இல்லை. குடை கொடுத்த அன்றைக்குப் பேசிய அதே குரல். "நான் அந்த மாதிரி ஆள் கிடையாது. ஆபீஸ்ல எல்லாரோடயும் ஒண்ணா உக்காந்துதான் டிபன் சாப்பிடறேன். ஆனா வீடுன்னு ஒண்ணு இருக்கு, பூஜை ரூம் இருக்கு. நீ புரிஞ்சுக்கணும்."

"எடுத்துக்கறேன் சார்" என்று புத்தகத்தை எடுத்தேன்.

"இரு இரு. எழுபது பக்கம்தான் ஆச்சு. அந்தப் பொண்ணு மேல போனாளா இல்லையா? முடிவை மட்டும் சொல்லிட்டுப் போ."

"நான் படிக்கல சார்."

"பின்ன யார்தான் படிச்சா?"

ரயில்வே கேட் இருந்த திசையில் கையைக் காட்டினேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். "சரி, அவகிட்ட கேட்டுண்டு வந்து சொல்லேன்" என்றார். "ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருந்தது, நல்லா இருக்கணும் அந்தப் பொண்ணு."

கதையில் வருகிற பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று அவர் மனதாரத்தான் சொன்னார். முகத்தில் பொய் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. பொய்யாக இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். ஷூ தைக்கிற அந்தப் பெண் தொட்ட தாளை அவரால் தொட முடியவில்லை. அவள் வாயிலிருந்து முடிவு வந்தால் கேட்டுக்கொள்வார். அந்தக் கதையையும் தன்னையும் அவர் ஒரு தடவை கூடப் பொருத்திப் பார்க்கவில்லை. நானும் அங்கே நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, "சரி சார்" என்றேன். உங்கள் அப்பா அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்தச் 'சரி சார்' என்னைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது. அவள் வீடு பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, வீட்டைக் காலி செய்கிற நாள். எனக்கு அதுவே மறந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வெடிகாலமே லாரி ஏறிட்டாங்கப்பா. வெள்ளிக்கெழம சந்தைக்குக் கூட நிக்கல. ஏன், புக்கு எதனா பாக்கி கீதா?"

"இல்லம்மா, சும்மா வந்தேன்."

"வெயில்ல வந்துகீற. இரு, தண்ணி மொண்டாறேன்."

"இப்பதாம்மா குடிச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு குடிக்கவில்லை, தொண்டை காய்ந்து கிடந்தது. இவ்வளவும் நடந்த பிறகு, அந்தப் புத்தகம் பைக்குள் இருக்கும்போதே, என் வாய் தானாக அதைச் சொல்லியது. யாரோ எனக்குள்ளே உட்கார்ந்து பேசின மாதிரி இருந்தது. ஆபீஸரைப் பார்த்து அதிர்ந்ததைவிட அந்த நிமிஷம்தான் நான் அதிகம் அதிர்ந்தது. அந்த அம்மாள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். அந்தத் தெருத் தண்ணீரை நான் அன்றும் குடிக்கவில்லை.

கடைக்கு வந்தால், ஆபீஸர் போன் பண்ணிவிட்டிருந்தார். முதலாளி கல்லாவை விட்டு எழுந்தே நின்றிருந்தார்.

"புத்தி கெட்டுப் போச்சாடா உனக்கு? ஒவ்வொருத்தனா கார்டைத் திருப்பிக் குடுத்துட்டா நான் கடையில ஈ ஓட்டறதா? மொதல்ல அதுல புள்ளியை வை. சாருக்கு வேற ஒண்ணு புதுசா வாங்கிடலாம்." பிறகு தணிந்துபோய், "நல்ல பையன்டா நீ. இரக்கம் வேற, தொழில் வேற" என்று சொல்லிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லி, சாப்பிட வீட்டுக்குப் போனார். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நாலு மணிக்குத்தான் வருவார்.

நான் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தைப் படித்தேன். கதவு திறக்கிறது. லிஃப்ட் அந்தப் பெண்ணையும் அவளோடு வந்த கீழ்த்தளத்தாரையும் ஏற்றிக்கொள்ளவில்லை, தடுத்து நின்றுவிடுகிறது. அவர்கள் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிற கம்பிகளைப் பிடித்துத் தளம் தளமாக ஏறுகிறார்கள். கூரையின் கண்ணாடியை உடைக்கிறார்கள். வெளியே காற்றில் விஷம் இல்லை. எப்போதோ தீர்ந்துவிட்டதாம், மேல்தளத்துக்காரர்களுக்கு அது தெரியுமாம். நல்ல முடிவுதான். ஆனால் நான் வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். முத்திரை குத்துகிறவன் என்ன ஆனான்? கடைசி முப்பது பக்கத்தை மறுபடி விரல் வைத்துப் பார்த்தேன். அவனை யாரும் அடிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அவனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எழுதியவர் அவனை மறந்துவிட்டார். அவளுக்கு மட்டும் அது கண்ணில் பட்டிருக்கிறது.

தோல் துண்டை எழுபதாம் பக்கத்திலேயே செருகினேன். மேஜை இழுப்பறையிலிருந்து சிவப்பு மைப் புட்டியையும் ஒரு தீக்குச்சியையும் எடுத்தேன். முதலாளி சொன்னபடி இரண்டாம் பாகத்துக்குப் புள்ளி வைத்தேன். பிறகு காக்கிப் பையைக் கவிழ்த்து அதில் இருந்த புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டின் இடது கோடியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, மை காய ஊதி ஊதி, எல்லாவற்றுக்கும் வைக்கத் தொடங்கினேன்.